சேர்வோ டிரைவ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமா? (திங்கட்கிழமை ட்ரிப் இழை)

2024 செப்டம்பர் 9, திங்கள்: பதுளைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

தேயிலைப் பக்கெட் போடும் மெஷின். மூன்று சேர்வோ (சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுற்றும் மோட்டர், அதை ஓட்டும் மின்பெட்டிதான் டிரைவ்): ஒன்று ஃபிலிம் இழுக்க, ஒன்று ஒட்டும் தாடைக்கு, ஒன்று தூளைத் தள்ளும் திருகுக்கு. ஃபிலிம் டிரைவ் காலையில் ஓவர்வோல்டேஜ் காட்டி ட்ரிப் ஆகி, அதாவது தானே நின்றுவிடுகிறது. ரீசெட் அடித்தால் ஓடும். ஏழரைக்கு மேல் நாள் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. ஏஜெண்ட் ஆள், "டிரைவ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும், பயப்படாமல் ரீசெட் பண்ணுங்கள்" என்கிறார். போன மாதம்தான் டிரைவையே மாற்றிப் புதிது போட்டார்கள். அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்றால் வெளியே பாதுகாப்பு, கண்காணிப்பு என்று நாம் ஏன் தலையை உடைக்க வேண்டும்? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

செப்டம்பர் 9, இரவு 10.40

ரெசிஸ்டர் போயிருக்கும் தம்பி. பிரேக்கிங் ரெசிஸ்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். எனக்கும் இதே வியாதி வந்து தீர்ந்தது. விவரம் நாளைக்கு.

செப்டம்பர் 10

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் தன்னை மட்டும்தான். மெஷினையோ உங்கள் விரலையோ அன்றைய பொதிக் கணக்கையோ அது காப்பாற்றாது. அந்த "தன்னை" என்பதிலும் ஓட்டை உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் ஓவர்வோல்டேஜ். உள்ளே வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டிரைவ் டி.சி. ஆக்கிப் பெரிய கெப்பாசிட்டர்களில் வைத்துக்கொள்கிறது. அதைத்தான் பஸ் என்கிறோம். 230க்குப் பஸ் சுமார் 325 வோல்ட். மோட்டரைச் சட்டென்று நிறுத்தும்போது மோட்டர் டைனமோவாக மாறி, ஓட்டத்தில் இருந்த சக்தியைத் திருப்பி அனுப்பும். அது மின்கம்பிக்குப் போக முடியாது, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் ஒருவழிப் பாதை. கெப்பாசிட்டரில் ஏறும், பஸ் உயரும். 200 வோல்ட் வகை டிரைவ்களில் பெரும்பாலும் 380ஐ ஒட்டி ஒரு டிரான்சிஸ்டர் திறந்து, வரும் சக்தியை ரெசிஸ்டரில் சூடாக எரித்துவிடும். அது நடக்காவிட்டால் 400, 420 வாக்கில் ட்ரிப். உங்கள் மொடலுக்குச் சரியான எண் மேனுவலில் இருக்கும்.

என் கதை. தலவாக்கலைப் பக்கம், ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) ஒட்டிய பொதி செய்யும் கட்டடம். 2023இல் மூன்று மாதம் இதே ட்ரிப். ரீசெட், ரீசெட், ரீசெட். பட்டனில் இருந்த எழுத்தே தேய்ந்துவிட்டது. கடைசியில் ஒரு நாள் ரெசிஸ்டரில் கைவைத்துப் பார்த்தேன் (மெயினை இறக்கி, சார்ஜ் விளக்கு அணைந்து, பதினைந்து நிமிடம் கழித்து, மீட்டரில் பஸ்ஸைப் பார்த்த பிறகு, இந்த வரிசையை மாற்றாதீர்கள்). பனிக்கட்டி மாதிரி இருந்தது. அரை நாள் ஓடிய மெஷினின் ரெசிஸ்டர் இளஞ்சூடாவது இருக்க வேண்டாமா? மீட்டரில் அளந்தேன், திறந்து கிடந்தது. உள்ளே கம்பி அறுந்து எவ்வளவு காலமோ.

செப்டம்பர் 10, பின்னேரம்

ஒருவர் கேட்கிறார்: ரெசிஸ்டர் செத்திருந்தால் நாள் முழுக்க ட்ரிப் ஆக வேண்டாமா, காலையில் மட்டும் ஏன்?

நல்ல கேள்வி. எனக்கும் அன்றைக்கு இதுதான் தலைவலி. கணக்காகவே போடுகிறேன். ஃபிலிம் இழுக்கும் உருளை, பெல்ட், மோட்டர் எல்லாம் சேர்ந்து நிலைமத் திருப்பம் 0.0008 கிலோ-சதுரமீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அதில் இருக்கும் சக்தி 17.5 ஜூல். என் டிரைவின் கெப்பாசிட்டர் 820 மைக்ரோஃபாரட். பஸ் 325இல் இருந்தால் 400க்கு ஏறும் வரை அது 22 ஜூல் விழுங்கும். 17.5 தாராளமாக அடங்கும். ரெசிஸ்டர் செத்ததே தெரியாது.

அதுவே லைன் 244 என்றால் பஸ் தொடங்குவதே 345இல். மிச்ச இடம் 17 ஜூல்கூட முழுசாக இல்லை. ட்ரிப்.

244 ஒன்றும் கொள்ளை வோல்டேஜ் இல்லை. 230க்கு மேல் 6 வீதம் வரை அனுமதிக்கப்பட்ட எல்லைதான். குற்றவாளி லைன் இல்லை. ரெசிஸ்டர் செத்ததை யாரும் பார்க்காததுதான்.

செப்டம்பர் 11

என் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். "அண்ணே, உராய்வை எங்கே போட்டீர்கள்? 17.5 முழுவதும் பஸ்ஸுக்கு வராதே."

சரி, ஒப்புக்கொள்கிறேன். கியர், பெல்ட், மோட்டர்ச் சுற்றின் சூடு என்று ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 15 வீதம் போனால் வருவது 15 ஜூல்தான். அப்படியானால் 17 ஜூல் இடத்தில் அடங்கியிருக்க வேண்டும், ட்ரிப் வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்ததே. இன்றிரவு பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடுகிறேன்.

செப்டம்பர் 12

கிடைத்தது. அன்றைக்கு ரெசிஸ்டரை மாற்றியதோடு நிற்கவில்லை, கெப்பாசிட்டரையும் கழற்றி ஹட்டனில் ரேடியோ திருத்தும் நண்பர் ஒருவரிடம் அளந்திருக்கிறேன். 820 என்று எழுதியிருந்தது 700க்கு இறங்கியிருந்தது. 700க்கு மறுபடி கணக்கு: 325இல் இருந்து 19 ஜூல் இடம், 345இல் இருந்து 14 ஜூல் சொச்சம். வருவது 15. பகலில் அடங்கும், காலையில் அடங்காது. இப்போது பொருந்துகிறது. முதலில் எழுதியது அழகாக இருந்ததே தவிர சரியில்லை.

கெப்பாசிட்டர் ஏன் இறங்கியது என்றும் யோசித்தேன். வயது ஒன்று. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. அதோடு ரெசிஸ்டர் செத்த காலம் முழுக்க ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அந்த அடியைக் கெப்பாசிட்டர்தான் தனியாக வாங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு ஐம்பது அடி. பாவம்.

செப்டம்பர் 16, திங்கள்

பதுளைத் தம்பியிடம் ட்ரிப் ஆன நாட்களைத் தேதியோடு கேட்டிருந்தேன். வந்தது: ஆகஸ்ட் 19, 26, செப்டம்பர் 2, 9, இன்று. நாட்காட்டியில் பாருங்கள், எல்லாம் திங்கள்! "காலையில்" என்று அவர் சொன்னது திங்கட்கிழமைக் காலையை.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. ஆகவே ஞாயிறு இரவு கொழுந்து வாட்டும் காற்றாடிகள் ஓடாது, உருட்டும் மெஷினும் சும்மா. டிரான்ஸ்போமரில் பாரமே இல்லை. பகல் பாரத்தில் வோல்டேஜ் விழக் கூடாது என்று அதன் டேப்பை (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) கொஞ்சம் மேலே வைத்திருப்பார்கள். பாரம் இல்லாத நேரத்தில் அது நம் தலையில் ஏறும். எங்களிடம் 2023இல் திங்கள் 5.50க்கு 244, செவ்வாய் அதே நேரத்துக்கு 231.

அவருடைய பொதிக் கட்டடமும் ஸ்டோரின் டிரான்ஸ்போமரில்தானாம்.

செப்டம்பர் 21, சனி

வாக்குப் போட்டுவிட்டு வந்து சும்மா இருக்கிறேன். அந்த "ஓட்டை" பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

டிரைவ் தன்னைக் காப்பாற்ற வைத்திருக்கும் வழிகளில் மிக வேகமானது ஷோர்ட் சர்க்கிட் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் ஐ.ஜி.பி.டி. (மோட்டருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஷோர்ட்டில் தாங்கும் நேரம் 10 மைக்ரோசெக்கன் அளவு. அதற்குள் டிரைவே கேட்டை மூடிவிடும். வெளியே நாம் போடும் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) விழ மில்லிசெக்கன் கணக்கில் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்படியென்றால் எம்.சி.பி., பியூஸ் எதற்கு? டிரைவைக் காப்பாற்ற இல்லை. செத்த டிரைவ் தீப்பிடிக்காமல் இருக்க. இது புரியாமல் "பெரிய பியூஸ் போட்டால் அடிக்கடி போகாது" என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஓவர்லோட். டிரைவ் கரண்டின் வர்க்கத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வரும். மோட்டர் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று அதுவே மனக்கணக்குப் போடுகிறது. கணக்கு நிரம்பினால் ட்ரிப். ஓட்டை இங்கேதான். பழைய டிரைவ்கள் பலவற்றில் மெயினை அணைத்துப் போட்டால் இந்தக் கணக்கு பூச்சியமாகிவிடும். மோட்டர் இன்னும் கொதிக்கிறது, டிரைவோ "இப்போதுதான் எழுந்தேன்" என்று நினைத்துக்கொள்ளும்.

எங்கள் திருகு மோட்டர் அப்படித்தான் எரிந்தது. மழைக்காலம், டஸ்ட் ரகம், தூளில் ஈரம். திருகைச் சுற்றிக் களி மாதிரி ஒட்டியிருக்கிறது. ஓவர்லோட் வந்தது. ரீசெட் எடுக்கவில்லை, டிரைவ் ஆற நேரம் கேட்கிறது. இரவு ஷிப்ட் பையன் கெட்டிக்காரன், மெயினை அணைத்துப் போட்டான். ஓடியது. ஆறு தடவை. ஏழாவது தடவை வாசம் வந்தது. பையனைத் திட்டி என்ன பயன், அவனுக்கு அந்த ரீசெட் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணே, நேற்றுத் தேர்தல் விடுமுறை. ஸ்டோர் ஓடவில்லை. இன்று காலை ட்ரிப்." திங்கள் போய்ச் செவ்வாய் வந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். வீட்டில் என்னவென்று கேட்டார்கள், சொன்னேன், அவர்கள் துள்ளவில்லை.

ரெசிஸ்டரை அளந்தீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 3

அளந்துவிட்டாராம். 47 ஓம். தட்டில் எழுதியிருப்பதும் 47. நல்ல ரெசிஸ்டர்.

என் மருந்து அவருக்குச் சரிவரவில்லை. யோசிக்கிறேன். சூடான பிறகு உள்ளே தொடர்பு விட்டுப்போகும் ரெசிஸ்டரும் உண்டு, குளிரில் சரியாகக் காட்டும். சராசரிச் சூடு குறைவுதான். நொடிக்கு ஒரு நிறுத்தம், 17 ஜூல் என்றால் 17 வாட். ஆனால் டிரான்சிஸ்டர் திறக்கும் கணத்தில் 380 வோல்ட் 47 ஓமில் விழுகிறது, அது 3 கிலோவாட். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கணம் 3 கிலோவாட் அடி வாங்கினால் கம்பி நுனி கழன்று ஆடலாம். வயர் நுனியில் இருக்கும் லக்கை இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அக்டோபர் 5

லக் இறுக்கமாம். சரி.

அக்டோபர் 12

இடையில் வேறொருவர், நுவரெலியாவில் இருந்து: குளிர்ப் பிரதேசம், டிரைவுக்குச் சொர்க்கம் இல்லையா?

பாதிச் சொர்க்கம். மேனுவலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்: 1,000 மீட்டருக்கு மேல் போனால் கரண்டைக் குறைத்துக்கொள், 100 மீட்டருக்கு 1 வீதம் என்பது வழக்கமான கணக்கு. காற்று அடர்த்தி குறைவு, சூட்டை இழுக்காது. ஹட்டன் 1,271 மீட்டர், 3 வீதத்துக்குள். நுவரெலியா 1,868, கிட்டத்தட்ட 9 வீதம். 10 ஆம்பியர் டிரைவை 9.1 என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தெரிவு செய்து மேலே அனுப்பும் மெஷினில் இதை யாரும் பார்ப்பதில்லை. டிரைவ் சொல்லும் ஓவர்லோட் எல்லைக்கும் இது தெரியாது, அது கடல்மட்டம் என்றே நினைத்து ஓடும்.

குளிர் அதை ஈடுகட்டும்தான், மறுக்கவில்லை. மேனுவல் 40 பாகையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கும், உங்கள் அறை 18. ஆனால் டிரைவ் குடியிருப்பது பேனலுக்குள். வெளியே ஸ்வெட்டர் போட்டு நிற்பேன், பேனல் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். ஃபில்டரில் தேயிலைப் பஞ்சு கம்பளி மாதிரி. அறைச் சூட்டை எழுதாதீர்கள், ஹீட்சிங்க் (டிரைவின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) சூட்டை எழுதுங்கள். அனேகமான டிரைவ்களில் அது டிஸ்ப்ளேயிலேயே வரும்.

ஃபில்டரையும் ஹீட்சிங்க்கையும் கம்பிரஸர் காற்றால் ஊதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் பக்கக் காற்றில் கம்பிரஸர் டாங்கில் தண்ணீர் தேங்கும். துப்பாக்கியை முதலில் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை நனைந்தால் அது டிரைவுக்குள் போக வேண்டியதில்லை. நான் பெயின்ட் பிரஷும் வேக்கம் கிளீனரும்தான்.

அக்டோபர் 13

பனி பற்றி எழுத மறந்துவிட்டேன், அதுதான் பெரிய எதிரி. இரவெல்லாம் பேனல் குளிர்ந்து கிடக்கும். காலையில் ஆட்கள் வந்து, கேத்தல் கொதித்து, அறைக் காற்று ஈரமாகும். அது குளிர்ந்த போர்டில் பட்டால் முத்து முத்தாகத் தண்ணீர். அதன் மேல் தேயிலைத் தூசு. அதற்கு மேல் 325 வோல்ட். மெயின் போட்ட உடனே ஐ.ஜி.பி.டி. பலகை வெடித்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், எந்தப் பாதுகாப்பும் விழவில்லை, விழ நேரமும் இல்லை.

எங்கள் பழைய பாஸ் ஒருவர் பேனலுக்குள் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை இரவும் பகலும் எரிய விடுவார். நாங்கள் அவர் இருட்டுக்குப் பயப்படுகிறார் என்று சிரிப்போம். அந்தச் சூடு போதும், பனி படியாது. அவர் போன பிறகு மின்சாரச் சிக்கனம் என்று ஒரு புதியவர் பல்பைக் கழற்றி எல்.ஈ.டி. போட்டார். வெளிச்சம் அருமை. சூடு இல்லை. அடுத்த ஜனவரியில் தாடை டிரைவ் போனது. இப்போது 60 வாட் பேனல் ஹீட்டரும் ஈரமானியும் வைத்திருக்கிறேன், ஈரம் ஏறினால் தானே போடும். பல்பை நினைவுக்காக மேசையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 27

இடி. இப்போது ஐப்பசி, பின்னேரம் ஆனால் வானம் கறுக்கிறது. சித்திரையிலும் இப்படித்தான். ஒரே குறிப்பு: பேனல் வாசலில் சேர்ஜ் அரெஸ்டர் (இடியால் பாயும் வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும் கருவி) போட்டிருந்தால் அதன் சின்ன ஜன்னலைப் பாருங்கள். பச்சை சிவப்பாகியிருந்தால் அது உங்களுக்காகச் செத்துவிட்டது, அடுத்த இடிக்கு யாரும் இல்லை. எங்களில் ஒன்று எத்தனை மாதம் சிவப்பாக இருந்ததோ. எர்த்தைப் பற்றிப் பேசினால் நாளாகும். கல்லுத் தரை, எர்த் கம்பி இரண்டடிக்கு மேல் இறங்காது, அடிப்பவர் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுப் போவார்.

நவம்பர் 2

தீபாவளி முடிந்தது. தீபாவளி அட்வான்ஸும் முடிந்தது. தம்பியின் டிரைவ் மட்டும் முறை தவறவில்லை, நேற்றுக் காலை ட்ரிப். 31ஆம் தேதி ஸ்டோர் மூடியிருந்ததாம்.

அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இனி ரீசெட் அடிக்கும் முன் எழுத வேண்டும். நேரம், லைன் வோல்டேஜ், பஸ் உச்சம், ஹீட்சிங்க் சூடு, மூன்று மோட்டரின் லோட் வீதம். காலை ஒரு தடவை, பகல் ஒரு தடவை, ட்ரிப் வந்தால் ஒரு தடவை. ஆளுக்குச் செக்ரோல் (தோட்டத்து வரவுப் புத்தகம்) இருக்கும்போது டிரைவுக்கு ஏன் இருக்கக் கூடாது? ட்ரிப் ஆன நாளைக்கு அரைப்பேர் (அரைநாள் வரவு) போடுங்கள் என்றேன்.

பகிடி போகட்டும். எங்கள் திருகு மோட்டர் எரிந்ததைச் சொன்னேன் அல்லவா, அதற்கு முன் மூன்று வாரம் லோட் 48, 55, 63, 71 என்று ஏறியிருக்கிறது. டிஸ்ப்ளே காட்டிக்கொண்டேதான் இருந்தது. எழுதியிருந்தால் ஒரு நாள் நிறுத்தித் திருகைக் கழுவியிருப்போம். இந்த எண்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்பீர்கள். எரிந்த பிறகு, மெஷினைச் செய்தவர்களின் ஆள் லாப்டொப்பை மாட்டி எடுத்துக் காட்டினார். அதுவரை டிரைவுக்குள் அப்படி ஒரு பதிவு இருப்பதே எனக்குத் தெரியாது.

நவம்பர் 3

ஒருவர் மெகர் (வயரின் காப்பை உயர் வோல்டேஜ் அடித்து அளக்கும் மீட்டர்) பற்றிக் கேட்டார். மோட்டர் இன்சுலேஷன் பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் டிரைவில் இருந்து மூன்று வயரையும் கழற்றிய பிறகு. கழற்றாமல் 500 வோல்ட் அடித்து டிரைவைக் கொன்ற ஒரு மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவர் முகத்தைத்தான் சவரம் செய்கிறேன்.

2025 பெப்ரவரி 10

நேற்று நாடு முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்காம். எங்கள் லயத்துப் பக்கம் கூரையைப் பிரிக்கும் குரங்குக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஞாயிறு என்பதால் மெஷின் ஓடவில்லை, ஆனாலும் போய் மெயினை இறக்கிவிட்டு வந்தேன். காரணம் 2022. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். வெட்டு கொல்லவில்லை, திரும்பி வந்த விதம்தான் கொன்றது. வரும், பத்து நொடியில் போகும், மறுபடி வரும். வெறுமையான கெப்பாசிட்டருக்கு மெயினை நேராகக் கொடுத்தால் கரண்ட் பாய்ந்து ரெக்டிஃபையரை அடிக்கும். அதற்காக டிரைவ் முதலில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியே மெல்ல நிரப்பி, பிறகு ஒரு ரிலேயால் அதைத் தாண்டிவிடும். அந்தச் சின்ன ரெசிஸ்டர் எப்போதோ ஒரு தடவைக்கு என்று செய்தது. நிமிடத்துக்கு நாலு தடவை என்றால் அதுவே கரியும். எங்களுக்கு அப்படி ஒரு டிரைவ் போனது. பிழை எண்கூட காட்டவில்லை, வெறும் இருட்டு.

அதற்குப் பிறகு மெயின் கொன்டாக்டருக்கு (மெஷினுக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்சுக்கு) முன்னால் ஒரு டைமர் ரிலே. கரண்ட் வந்து மூன்று நிமிடம் நிலையாக நின்றால்தான் கொன்டாக்டர் இழுக்கும். விலை ஒரு நல்ல குடையின் விலை. இன்றைக்கு ஒன்றரை மணி நேர வெட்டு, பார்த்தேன், வேலை செய்கிறது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கும் இதே டைமரைச் சேருங்கள், எஞ்சின் மூச்சுப் பிடிக்கட்டும்.

பெப்ரவரி 15

தம்பியின் செக்ரோல் படமாக வந்தது. மூன்று மாதக் கணக்கு, அழகான கையெழுத்து. பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

சாதாரண நாளில் லைன் 231, பஸ் உச்சம் 394. 380இல் டிரான்சிஸ்டர் ரெசிஸ்டருக்கு வழி திறந்திருந்தால் 394 எப்படி வரும்? 380, 385க்கு மேல் தாண்டவே கூடாது. அதாவது ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, டிரைவ் அந்த வழியைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை மட்டும் இல்லை, எல்லா நாளும்.

அப்புறம்தான் இழையின் முதல் குறிப்புக்குப் போய் வாசித்தேன். "போன மாதம்தான் டிரைவையே மாற்றிப் புதிது போட்டார்கள்." முதல் நாளே எழுதியிருக்கிறார். நான் ரெசிஸ்டர், ரெசிஸ்டர் என்று ஆடிக்கொண்டிருந்தேன். ட்ரிப் ஆரம்பித்த ஆகஸ்ட் 19 என்பது மாற்றிய பிறகு வந்த முதல் திங்கள். பல டிரைவ்களில் வெளி ரெசிஸ்டர் போட்டால் இரண்டு விஷயம் செய்ய வேண்டும். டெர்மினலில் இருக்கும் உள் ரெசிஸ்டர் ஜம்பரை (இணைப்புத் துண்டை) கழற்ற வேண்டும், டிரைவுக்குள் நாம் பதியும் பராமீட்டரில் "வெளி ரெசிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். புதுப்பெட்டி கடையில் இருந்து வரும்போது பராமீட்டர் வேறு மாதிரி இருக்கும்.

கூடவே இன்னொன்றையும் கேட்டேன்: வேகத்தைக் கூட்டினீர்களா? ஆமாம், புது டிரைவ்தானே என்று நிமிடத்துக்கு 50 பக்கெட்டை 60 ஆக்கினார்களாம். வேகம் 1.2 மடங்கு என்றால் சக்தி 1.44 மடங்கு. புதுக் கெப்பாசிட்டராலும் திங்கட்கிழமையைத் தாங்க முடியாததற்கு அதுதான் காரணம்.

பெப்ரவரி 17, திங்கள், காலை 7.10

நேற்றுப் பராமீட்டரை மாற்றினாராம். ஜம்பர் கழன்றுதான் இருந்தது, பராமீட்டர் மட்டும் "ரெசிஸ்டர் இல்லை" என்று கிடந்தது. இன்று 5.50க்கு ஓட்டினார். பஸ் உச்சம் 383, ட்ரிப் இல்லை, ரெசிஸ்டர் இளஞ்சூடு.

லைன் எவ்வளவு என்று கேட்டேன். சந்தோஷத்தில் அளக்க மறந்துவிட்டாராம்.

அடுத்த திங்கள் அளந்து எழுதுங்கள் தம்பி.

பெப்ரவரி 24, திங்கள்

லைன் 245, பஸ் 384. முழுப்பேர்.